ஆனாவ்: எபிரெயத் 'தாழ்மை'யை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாழ்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் "எபிரெயத்தில் இதற்கு ஆனாவ் என்று பெயர்" என்று ஆரம்பிப்பதை அடிக்கடி கேட்கிறோம். மூலமொழியைத் தேடிப் போவது நல்ல பழக்கம்தான். ஆனால் போகிற வழியில் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

ஆனாவ் என்றால் தாழ்மையுள்ளவர். பன்மையில் அனாவீம். தாழ்மை என்ற குணத்துக்கு அனாவா. நம் காதில் 'ஆணவம்' போல விழுகிறது, பொருளோ நேர் எதிர். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஒலியை வைத்து விளக்கம் கட்ட வேண்டாம்.

வேதாகமத்தின் மூலமொழிச் சொற்களுக்கு வரிசையாகக் கொடுக்கப்பட்ட ஸ்ட்ராங் எண்களை வைத்துப் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆனாவ் 6035. அதற்குச் சற்று முன்னால் 6030, 6031 என்று 'ஆனா' என்ற வினைச்சொல் இரண்டு முறை வருகிறது. முதலாவது பதில் சொல்வது, இரண்டாவது ஒடுக்குவது, சிறுமைப்படுத்துவது. எழுத்து ஒன்று, சொல் வேறு. "தாழ்மை என்றால் கடவுளுக்குப் பதில் கொடுப்பது" என்ற அழகான விளக்கம் இந்தக் குழப்பத்தில் பிறந்ததாகத்தான் எனக்குத் தெரிகிறது. ஆனாவ் நிற்பது ஒடுக்கப்படுவதன் பக்கம்.

மீகா 6:8இல் "மனத்தாழ்மையாய் நடப்பதை" என்று வாசித்ததும் அதுவும் அனாவாதான் என்று நினைத்துவிடுகிறோம். அங்கே இருப்பது வேறு வேரில் வந்த சொல். அடக்கத்தோடு நடப்பதைக் குறிக்கிறது. அதே வேர்ச்சொல் நீதிமொழிகள் 11:2இலும் வருகிறது.

சரி, மோசேக்கு வருவோம். எண்ணாகமம் 12:3 அவரைப் பூமியிலுள்ள எல்லா மனிதரைவிடவும் "மிகுந்த சாந்தகுணமுள்ளவன்" என்கிறது. எபிரெயத்தில் அங்கே இருப்பது ஆனாவ். இதைப் படித்துவிட்டு, அதிர்ந்து பேசாத, கோபமே வராத ஒருவரைக் கற்பனை செய்கிறோம். எகிப்தியனை அடித்துக் கொன்றவர், கற்பலகைகளை மலையடிவாரத்தில் எறிந்து உடைத்தவர் இதே மோசேதான். அப்படியானால் அந்த வசனம் எதைச் சொல்கிறது? அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். அக்கா மிரியாமும் அண்ணன் ஆரோனும் "எங்களைக்கொண்டும் அவர் பேசினதில்லையோ" என்று அவருடைய அதிகாரத்தைக் கேள்வி கேட்கிறார்கள். மோசே தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. மிரியாமுக்குக் குஷ்டம் பிடித்த பிறகுதான் வாயைத் திறக்கிறார், அதுவும் அவளுக்காக: "என் தேவனே, அவளைக் குணமாக்கும்." எபிரெயத்தில் ஐந்தே சொற்கள். தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சண்டை போடாத மனம் அது. சுபாவம் மென்மையா கடினமா என்பது வேறு கேள்வி.

"நான் ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று தன்னைக் குறைத்துப் பேசுவதையும் அனாவா என்று சொல்லிவிட முடியாது. சங்கீதம் 18:35இல் தாவீது, "உம்முடைய காருணியம் என்னைப் பெரியவனாக்கும்" என்று பாடுகிறார். காருணியம் என்று தமிழில் வந்திருக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது இதே குடும்பத்துச் சொல்தான், அதுவும் கடவுளைக் குறித்து. கடவுள் தன்னை மட்டமாக நினைக்கிறார் என்று யாராவது சொல்வார்களா? கீழே இறங்கி வந்து இன்னொருவரைத் தூக்கிவிடுவதுதான் அங்கே பொருள்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தும் தவறு ஒன்று உண்டு. அநியாயம் நடந்தவரைப் பார்த்து "தாழ்மையாய் இரு, பேசாமல் பொறுத்துக்கொள்" என்று சொல்ல இந்தச் சொல்லைப் பயன்படுத்துவது. தமிழ் வேதாகமத்தை மட்டும் வாசித்தால் இது தவறு என்று எளிதில் பிடிபடாது, ஏனென்றால் ஒரே சொல் அங்கே பல முகங்களோடு வருகிறது. மோசேக்குச் "சாந்தகுணம்". ஆமோஸ் 2:7இல் யாருடைய வழியைப் புரட்டுகிறார்களோ அந்தச் "சிறுமையானவர்கள்" அனாவீம். செப்பனியா 2:3இல் "சிறுமையானவர்களே" என்று கூப்பிட்டு, அதே வசனத்திலேயே "மனத்தாழ்மையைத் தேடுங்கள்" என்கிறார் தீர்க்கதரிசி. முன்னது அனாவீம் குடும்பம், பின்னது அனாவா.

ஏழை, ஒடுக்கப்பட்டவர் என்று பொருள்படும் 'ஆனீ' என்ற சொல்லும் இதோடு ஒட்டியே பிறந்தது. எபிரெய எழுத்தில் இரண்டையும் பிரிப்பது வாவ், யோத் என்ற இரண்டு எழுத்துகள்தான், அவையும் பார்வைக்கு நெருக்கமானவை. ஆமோஸ் 8:4இன் எபிரெய மூலத்தில் எழுதியிருப்பது இவற்றில் ஒன்று, அதற்குப் பதிலாக வாசிக்கச் சொல்லும் ஓரக்குறிப்பில் இருப்பது மற்றொன்று. அவ்வளவு பக்கம் பக்கமாக இருக்கின்றன ஏழ்மையும் தாழ்மையும். தீர்க்கதரிசிகள் இந்த மக்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அடக்கவில்லை. அவர்களை மிதித்தவர்களைத்தான் கண்டித்தார்கள்.

ஏசாயா 61:1இல் "சிறுமைப்பட்டவர்களுக்குச் சுவிசேஷத்தை அறிவிக்க" என்று வருவதும் அனாவீம்தான். நாசரேத் ஜெப ஆலயத்தில் இயேசு எழுந்து நின்று வாசித்தது அந்தப் பகுதியை. லூக்கா 4:18இல் அதே சொல் கிரேக்கத்தின் வழியாக வந்து சேரும்போது, தமிழில் "தரித்திரர்" என்று இருக்கிறது.