குறளை இரண்டு முறை படியுங்கள்: எதுகை, மோனை, அணி கண்டுபிடிக்கும் முறை

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் எதுகை, மோனை, உவமை, உருவகம் எல்லாவற்றுக்கும் விளக்கத்தை மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார்கள். புதிய பாட்டைக் கொடுத்தால்தான் தடுமாறுகிறார்கள். எதுகையும் மோனையும் ஓசையைச் சேர்ந்தவை. உவமையும் உருவகமும் பொருளைச் சேர்ந்தவை. இரண்டையும் ஒரே வாசிப்பில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஓசைக்கு ஒரு முறை, பொருளுக்கு ஒரு முறை என்று தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

396ஆம் குறளை எடுத்துக்கொள்வோம். நோட்டில் சீர் சீராகக் கோடு போட்டு எழுதுங்கள்:

தொட்டனைத் / தூறும் / மணற்கேணி / மாந்தர்க்குக்
கற்றனைத் / தூறும் / அறிவு

முதல் அடியில் 4 சீர், இரண்டாம் அடியில் 3 சீர். எண்ணிக்கை 7 வரவில்லை என்றால் கோட்டை எங்கோ மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

முதல் வாசிப்பு ஓசைக்கு. வாய்விட்டுப் படியுங்கள். பொருளைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். ஒவ்வொரு சீரின் முதல் எழுத்தையும் பென்சிலால் வட்டமிடுங்கள். தொ, தூ ஒரு ஜோடி. ம, மா இன்னொரு ஜோடி. இரண்டுமே மோனை. மோனைக்கு அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை, இன எழுத்தும் வரலாம். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். ச-த, ஞ-ந, ம-வ ஆகியவையும் தமக்குள் மோனையாகும். தொ என்பதில் ஒ இருக்கிறது, தூ என்பதில் ஊ இருக்கிறது. அதனால் பொருந்துகிறது.

அடுத்து இரண்டாம் எழுத்துக்கு அடிக்கோடிடுங்கள். அடிகளின் முதல் சீர்களில் இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் அது அடி எதுகை. இங்கே ட், ற் என்று வெவ்வேறு எழுத்துகள் வருகின்றன. ஆனால் இரண்டும் வல்லினம், ஆகவே இது இன எதுகை. அச்சு அசலாக ஒரே எழுத்து வருவதற்கு ‘கற்க கசடற’, ‘நிற்க அதற்குத் தக’ என்ற அடிகளைப் பாருங்கள்: கற்க, நிற்க.

எதுகையில் பலர் மறந்துவிடும் நிபந்தனை ஒன்று உண்டு. முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். பட்டு, கட்டு எதுகை. பாட்டு, கேட்டு எதுகை. பட்டு, பாட்டு எதுகை ஆகாது, ஏனென்றால் ஒன்று குறில், மற்றது நெடில். இயைபு பார்க்க அடியின் கடைசிக்குப் போங்கள். ‘வற்றுது’, ‘சுற்றுது’ என்று முடிவது இயைபு. குறளில் அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம், இசைப்பாடல்களில் நிறையவே கிடைக்கும்.

இரண்டாம் வாசிப்பு பொருளுக்கு. இப்போது சீர்க் கோட்டை மறந்துவிட்டுச் சொற்களைப் பிரியுங்கள்: தொட்ட அனைத்து ஊறும் மணற்கேணி, கற்ற அனைத்து ஊறும் அறிவு. சற்றுமுன் வட்டமிட்ட ‘தூ’ இப்போது ‘ஊ’ ஆகிவிட்டது. பிரித்து எழுதிய வரியில் மோனை தேடினால் தப்பாகப் போவது இதனால்தான்.

இங்கே ‘தொட்ட’ என்பது கையால் தொடுவதல்ல, தோண்டுவது. ‘அனைத்து’ என்பது ‘எல்லாம்’ அல்ல, ‘அந்த அளவுக்கு’. மணலில் தோண்டும் அளவுக்கு நீர் ஊறும். கற்கும் அளவுக்கு அறிவு ஊறும். கிணற்றையும் அறிவையும் பக்கத்தில் வைத்துவிட்டு, ‘போல’ என்ற சொல்லைப் போடாமலே விட்டுவிட்டார் வள்ளுவர். உவம உருபு மறைந்து வருவதால் இது எடுத்துக்காட்டு உவமை அணி.

உருபு வெளிப்படையாக இருப்பது 151ஆம் குறள்: ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை’. இங்கேயும் மண்ணைத் தோண்டுகிறார்கள், ஆனால் கவிஞருக்கு இப்போது வேண்டியது நீர் அல்ல, நிலத்தின் பொறுமை. விடையில் உவமை ‘நிலம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘தன்னைத் தோண்டுபவரைத் தாங்கும் நிலம்’ என்பதே உவமை. ‘இகழ்பவரைப் பொறுப்பவர்’ உவமேயம். ‘போல’ உவம உருபு. இந்த மூன்றையும் எழுதி, பொறுத்தல் என்ற பொதுத்தன்மையையும் சேர்த்தால்தான் அணி பொருந்தியதைக் காட்டியதாகும்.

உருவகத்தைப் பிடிக்கச் சொல்லின் வரிசையைப் பாருங்கள். தேன்தமிழ் என்றால் தேன் போன்ற தமிழ், உவமை. தமிழ்த்தேன் என்றால் தமிழாகிய தேன், உருவகம். நடுவில் ‘ஆகிய’ போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்ற இடத்தில் பிறவியாகிய கடல் என்று சரியாக விரிகிறது, எனவே உருவகம். அதே குறளில் இறைவன் அடியைத் தெப்பமாக உருவகிக்கவில்லை. ஒன்றை உருவகித்து, அதனோடு தொடர்புடைய மற்றொன்றை உருவகிக்காமல் விட்டால் ஏகதேச உருவகம்.

‘போல’ கண்ணில் பட்டதும் உவமை அணி என்று எழுதிவிடாதீர்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதிலின் மேல் கொடிகள் அசைகின்றன. ‘வாரல் என்பனபோல்’, அதாவது வர வேண்டாம் என்று கைகாட்டுவதுபோல் அசைந்தன என்கிறார் இளங்கோவடிகள். கொடி காற்றில் இயல்பாக அசைகிறது. கவிஞர் தம் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறார். இது தற்குறிப்பேற்ற அணி. அங்கே ஒப்பிடுவதற்கு இரண்டு பொருள்கள் இல்லை, ஒரு நிகழ்ச்சிக்குக் கவிஞர் கற்பித்த காரணம்தான் இருக்கிறது.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால், ஒவ்வொரு இடத்திலும் அதன் பொருளை மேலே எழுதிப் பாருங்கள். ‘எல்லா விளக்கும் விளக்கல்ல’ குறளில் விளக்கு 4 முறையும் விளக்கு என்றே பொருள் தரும். சொற்பொருள் பின்வருநிலை அணி. ‘பொருளல் லவரைப் பொருளாகச் செய்யும்’ குறளில் பொருள் என்பது ஓரிடத்தில் மதிப்பு, ஓரிடத்தில் செல்வம். சொல் பின்வருநிலை அணி.

தேர்வில் அணியின் இலக்கணம், சான்று, அணிப்பொருத்தம் என்ற வரிசையில் எழுதுங்கள். பயிற்சிக்குப் பாடத்திலுள்ள 5 குறள்களை எடுத்து, ஓசைக்குப் பென்சிலும் பொருளுக்கு நீலப் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறளில் உவமையோ உருவகமோ தென்படவில்லை என்றால் வலிந்து ஒன்றைப் பொருத்த வேண்டாம். நேராகச் சொல்லும் குறள்கள் எத்தனையோ உண்டு.