அவுட்போர்டு (படகோட பின்னாடி வெளிய மாட்டுற எஞ்சின்) கியர் ஆயில்ல தண்ணி இருக்கான்னு பாக்க

எஞ்சினை நேரா நிமுத்தி ராத்திரி முழுக்க அப்படியே விட்டுட்டு, காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கீழ இருக்குற டிரெயின் ஸ்க்ரூவை (ஆயிலை வடிக்கிற ஸ்க்ரூ) மட்டும் லேசா லூஸ் பண்ணி முதல்ல வர்ற நாலஞ்சு சொட்டை ஒரு வெள்ளை மூடில பிடிச்சு பாருங்க, மேல் ஸ்க்ரூவை தொடாதீங்க, அப்பதான் ஆயில் மெதுவா வரும். ஆயிலை விட தண்ணி வெயிட்டு, அதனால அடியில இறங்கி முதல்ல அதுதான் வரும். முழு ஆயிலையும் கொட்ட வேண்டாம், காசு மிச்சம்.

ஓட்டிட்டு வந்த உடனே இது சரிப்படாது, கியர் கலக்கிவிட்டுடும். ஆனா பால் போட்ட டீ கலர்ல வந்தா தண்ணி கலந்தாச்சு, காத்திருக்கவே வேணாம். ப்ரொப்பெல்லரை கழட்டி ஷாஃப்ட்ல தூண்டில் நரம்பு சுத்தி, தண்ணி உள்ள போகாம தடுக்குற ரப்பர் சீல்-ஐ அறுத்திருக்கான்னு கட்டாயம் பாருங்க. டிரெயின் ஸ்க்ரூவை திரும்ப மாட்டும்போது புது வாஷர் போடுங்க, பழசுலயே தண்ணி ஏறும்.