பவளத் தொட்டியில் உயிர்கள் திடீரெனச் சாகத் தொடங்கினால்

நேற்று மாலை வரை நன்றாக இருந்த உப்புநீர்ப் பவளத் தொட்டியில் இன்று காலை இரண்டு மீன்கள் இறந்து கிடந்தால், பதற்றத்தில் கை முதலில் மருந்துப் புட்டியைத்தான் தேடும். அதை எடுக்க வேண்டாம். காரணம் தெரியாமல் ஊற்றும் மருந்து, பிழைத்திருக்கும் உயிர்களையும் வருத்தி, என்ன நடந்தது என்பதைக் கண்டறியும் வழியையும் அடைத்துவிடும். எந்த உயிர் முதலில் விழுந்தது, எது சோர்ந்திருக்கிறது, எது ஒன்றும் நடவாதது போல மேய்ந்துகொண்டிருக்கிறது என்பதைச் சில நிமிடங்கள் நின்று பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சோதனைக் கருவியும் தராத சான்று அது. நீரை மாற்றும் முன் ஒரு சுத்தமான புட்டியில் பழைய நீரைப் பிடித்து மூடி வைப்பதும் அவசியம். மாற்றிய பிறகு பழைய அளவுகளை அறிய வேறு வழி இல்லை.

அடுத்து, காரணம் எதுவாக இருந்தாலும் தீங்கு செய்யாத வேலைகளைச் செய்யலாம். கையை நீரில் விடும் முன் மின்கருவிகளின் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். விரிசல் விட்ட ஹீட்டர் உயிர்களை மட்டுமல்ல, உங்களையும் கொல்லக்கூடியது. இறந்தவற்றை அகற்றிய பின், ஹீட்டரைத் தவிர மற்றவற்றை மீண்டும் இணைத்து, பம்பின் வாயை மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி திருப்பி, மூடியைத் திறந்து, ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) ஓடுகிறதா என்று பாருங்கள். ஹீட்டரின் கண்ணாடியில் விரிசல் இல்லை என்று உறுதியானால் மட்டும் அதைத் திரும்பப் போடலாம். 25 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். நன்னீர் தாங்குவதைவிட அது குறைவு. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுவதால் விடியலுக்குச் சற்று முன்பு அந்த அளவு மிகவும் தாழ்ந்திருக்கும். பெரிய மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், முதல் சந்தேகம் அங்கேயே விழ வேண்டும்.

இத்துடன் நச்சுகளை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனைப் புதிதாக எடுத்து நீரோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். பிறகு 20 முதல் 30 சதவீதம் நீரை மாற்றலாம். ஆனால் புதிய நீர் பம்பால் நன்கு கலக்கப்பட்டு, வெப்பமும் உப்பளவும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். அவசரமாகக் கரைத்து ஊற்றிய நீர் இரண்டாவது அடியாகிவிடும்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். மீன்கள் மட்டும் சாகின்றன, இறால்களும் நத்தைகளும் பவளங்களும் நலமாக உள்ளன என்றால், ஆக்சிஜன் குறைவுக்கு அடுத்தபடியாக ஒட்டுண்ணி நோயைத்தான் நினைக்க வேண்டும். வெல்வெட் எனப்படும் அமைலூடினியம் மிக விரைவாகக் கொல்வது. அறிகுறி தெரிந்த ஓரிரு நாட்களிலேயே தொட்டி காலியாகிவிடலாம். விளக்கை அணைத்து, டார்ச் ஒளியை மீனின் பக்கவாட்டில் சாய்வாக அடித்துப் பாருங்கள்: தோலில் மஞ்சள் பொடி தூவியது போன்ற மெல்லிய படலம் தெரியும், மீன் பம்பின் நீரோட்டத்துக்குள் முகத்தை வைத்தபடி வேகமாக மூச்சுவிடும். கிரிப்டோகாரியன் என்ற வெண்புள்ளி நோயில் தனித்தனியாக எண்ணக்கூடிய புள்ளிகள் இருக்கும். இரண்டுக்கும் தாமிர மருந்து உண்டு, ஆனால் அதை வேறொரு தொட்டியில்தான் கொடுக்க வேண்டும். பவளத் தொட்டியில் ஊற்றினால் முதுகெலும்பில்லாதவை பெரும்பாலும் செத்துவிடும். பாறையும் மணலும் அதை உறிஞ்சிப் பின்னர் வெளிவிடவும் கூடும். மீன்களை வெளியேற்றிய பின் தொட்டியை வெல்வெட்டுக்குக் குறைந்தது 6 வாரங்களும், வெண்புள்ளிக்கு 76 நாட்களும் மீன் இல்லாமல் விடுவது பலரும் பின்பற்றும் வழக்கம்.

மீன்கள் உற்சாகமாக நீந்த, நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மல்லாந்து கிடந்து, இறாலும் நட்சத்திர மீனும் சரிந்தால் விஷயம் வேறு. உலோகம், பூச்சிக்கொல்லி, உப்பளவின் திடீர் மாற்றம் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பாசி சுரண்டும் காந்தத்தையும் பம்பைப் பிடித்திருக்கும் காந்தத்தையும் கையில் எடுத்து, அதன் பிளாஸ்டிக் உறை எங்காவது உப்பியிருக்கிறதா, ஓரத்தில் பழுப்புக் கோடு கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நியோடிமியம் காந்தங்களுக்குப் பெரும்பாலும் நிக்கல், தாமிரப் பூச்சு இருக்கும். உறை வெடித்தால் அவை நீரில் கலக்கும். அறையில் கொசு மருந்தோ கரப்பான் மருந்தோ அடிக்கப்பட்டதா என்று வீட்டில் உள்ள எல்லோரிடமும் கேளுங்கள். பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளின் சிறு அளவே இறாலுக்குப் போதும்.

உப்பளவைப் பற்றி ஒரு வார்த்தை. தானாக நன்னீர் நிரப்பும் கருவியின் மிதவை சிக்கிக்கொண்டால், ஒரே இரவில் உப்பளவு வீழ்ந்துவிடும். சரியான அளவு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது 25 டிகிரியில் ஏறத்தாழ 1.026 ஒப்படர்த்தி. உப்பளவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வடிநீரைக்கொண்டு மட்டும் சரிபார்த்து நம்பிவிடாமல், அளவு உறுதியாகத் தெரிந்த 35 பி.பி.டி. திட்டக் கரைசலைக்கொண்டும் சரிபார்க்க வேண்டும். அளவு தவறியிருப்பது உறுதியானாலும் ஒரே மூச்சில் திருத்தாமல், சிறுகச் சிறுக உயர்த்துங்கள்.

பவளங்கள் மட்டும் அடியிலிருந்து சதை உரிந்து வெள்ளை எலும்பைக் காட்டினால், காரத்தன்மையை அளந்து பழைய குறிப்புகளோடு ஒப்பிடுங்கள். அது 8 டி.கே.எச்.-ஆ (காரத்தன்மையின் அலகு) 9-ஆ என்பதைவிட, எவ்வளவு வேகமாக மாறியது என்பதே முக்கியம். காரத்தன்மைக் கரைசலை அளந்து ஊற்றும் பம்ப் அடைத்ததா, கூடுதலாக ஊற்றியதா என்று உடனே பாருங்கள்.

எல்லாம் ஒன்றாகச் சரிந்தால் வெப்பத்தையும் அம்மோனியாவையும் அளவிடுங்கள். பி.எச். ஒரு அலகு உயர்ந்தால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகும் என்பதால், 8.2-இல் சிறு அளவும் ஆபத்தே. நைட்ரைட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். கடல்நீரில் உள்ள குளோரைடு அது மீனின் செவுளுக்குள் புகுவதைத் தடுக்கிறது. அழுகிய முட்டை வாடை வந்தால் மணல் கிளறப்பட்டதா, நின்றிருந்த வடிகட்டி மீண்டும் இயங்கியதா என்று பாருங்கள். கடல் அட்டை பாறைக்குப் பின்னால் இறந்திருந்தால் அதன் நச்சே மீன்களைக் கொல்லும், தேடி எடுங்கள்.

பாறையில் கூட்டமாக ஒட்டி வளரும் பவள உறவினங்களான சோவாந்திட்களோ பாலித்தோவாவோ செத்திருந்தால் கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியாமல் தொடக்கூடாது. பாறையை உலரவைத்துச் சுரண்டுவதும், வெந்நீரில் போடுவதும், கொதிக்கவைப்பதும் ஒருபோதும் வேண்டாம். அவற்றில் உள்ள பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு ஆவியோடும் துளியோடும் கலந்து வீட்டார் அனைவரையும் மருத்துவமனையில் சேர்த்துவிடக்கூடும்.

அடுத்த சில நாட்கள் உணவைப் பாதியாகக் குறைத்து, நாளுக்கு இருமுறை அம்மோனியாவையும் உப்பளவையும் அளந்து எழுதுங்கள். காரணம் கண்டுபிடிக்கப்பட்டு, அது நீங்கி, மிஞ்சியவை சில வாரங்கள் தொடர்ந்து நன்றாக உண்ணும் வரை, புதிய உயிர் எதையும் அந்தத் தொட்டியில் விடாதீர்கள்.