லினக்ஸ் கணினியில் நெட்வொர்க் பிரிண்டரை இணைக்கும் முறை

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் அச்சுப் பணிகளைக் கவனித்துக்கொள்வது கப்ஸ் என்னும் மென்பொருள். ஏர்பிரிண்ட் (டிரைவரின்றி அச்சிட உதவும் ஆப்பிளின் முறை) வசதியுள்ள பிரிண்டரும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால், டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் எதையும் நிறுவாமலே பிரிண்டரின் பெயர் பொதுவாக அச்சுப் பட்டியலில் தானாகத் தோன்றிவிடும். ஆகவே டிரைவரைத் தேடி அலைவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெயர் தோன்றாவிட்டால் முதலில் கணினியின் நெட்வொர்க் தொடர்புகளை வடிகட்டும் ஃபயர்வாலைச் சோதியுங்கள். பிரிண்டரைக் கண்டறியும் அவாஹி சேவைக்கு யுடிபி 5353 போர்ட் (தரவு வந்துசெல்லும் வாயில்) அதில் திறந்திருக்க வேண்டும்.

அதன் பிறகும் கிடைக்கவில்லையெனில், பிரவுசரின் முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளியிட்டு 631 என்ற எண்ணைச் சேர்த்தால் கப்ஸின் நிர்வாகப் பக்கம் திறக்கும். அங்கே நெட்வொர்க் வழியே அச்சிடுவதற்கான ஐபிபி முறையைத் தேர்ந்து, பிரிண்டரின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணை) அளிக்கலாம். உபுண்டுவில் இதைச் செய்பவரின் கணக்கு பிரிண்டர்களை நிர்வகிக்கும் உரிமையுள்ள எல்பிஅட்மின் குழுவில் இருப்பது அவசியம்.

பலரும் விட்டுவிடும் ஒரு வேலை உண்டு, அதையே நான் மிகவும் வலியுறுத்துவேன்: ரௌட்டரின் அமைப்புகளில் அந்த ஐபி முகவரியைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். இல்லையேல், மின்தடைக்குப் பின் ரௌட்டர் வேறு முகவரியை வழங்கிவிட, அனுப்பிய கோப்புகளெல்லாம் வரிசையிலேயே தேங்கி நிற்கும்.