படிப்புக்கடன் வட்டியை நான் சமாளித்த விதம்

இலங்கை அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் 2017இல் தொடங்கியது. எங்கள் ஆண்டு மாணவர்களுக்கு விண்ணப்பம் கோரியபோது நான் முடிவுத் திகதியைக் கோட்டை விட்டேன். வேறு வழியில்லாமல் மாமாவைப் பிணை வைத்து, ஒரு வங்கியில் 14 வீத வட்டிக்கு 5 இலட்சம் எடுத்தேன்.

"படித்து முடியும்வரை கட்டத் தேவையில்லை, தம்பி" என்றார் அங்கிருந்தவர். சரி என்று கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தத்தை வாசித்தது ஆறு மாதம் கழித்துத்தான். சலுகைக் காலத்திலும் வட்டி ஓடுமாம். வருடாவருடம் முதலோடு சேருமாம். கல்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்: மூன்று வருட முடிவில் 7 இலட்சத்து 40 ஆயிரம்! அன்றிரவு நித்திரையில்லை.

மாத வட்டி மட்டும் 5,833 ரூபா. வகுப்புகள் கொழும்பில், வார இறுதியில்தான். வெள்ளி இரவு பஸ் ஏறுவேன். மற்ற நாட்களில் திருகோணமலை உப்புவெளியில் வீட்டு விறாந்தையில் ஆறு பிள்ளைகளுக்குக் கணிதம், ஆளுக்கு ஆயிரம். (ஒருத்தி காசோடு மீனும் கொண்டுவருவாள், அம்மாவுக்கு அதில்தான் சந்தோஷம்.)

பிறகு வங்கிக்குப் போய், கட்டுவதை வட்டியில் கழிக்கும்படி எழுத்தில் கேட்டேன். சேர்ந்திருந்த ஆறு மாத வட்டியை அக்காவின் சீட்டுக்காசு அடைத்தது. படிப்பு முடிந்த அன்று கடன் அதே 5 இலட்சத்தில் நின்றது.