நெல்லை விற்று அரிசி வாங்கும் வீடு: சாப்பாட்டுச் செலவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாப்பாட்டுச் செலவைக் குறைக்க வழி சொல்பவர்களில் பலர் மாதச் சம்பளம் வாங்கும் வீட்டை மனதில் வைத்துத்தான் சொல்கிறார்கள். சம்பளம் வந்ததும் பட்டியல் போடுங்கள், மாதச் சாமானை ஒரேயடியாக வாங்கிப் போடுங்கள் என்பார்கள். இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காசு அப்படி வருவதில்லை. மாரிமழையோடு செய்யும் காலபோகம் வெட்டினால் ஒரு தொகை வரும். குளத்தில் தண்ணீர் இருந்து சிறுபோகம் செய்ய முடிந்தால் இன்னொரு தொகை. இடையில் கூலி வேலை, பால், முட்டை, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் எப்போதாவது அனுப்பும் காசு. இப்படி ஏறி இறங்கி வரும் வருமானத்துக்குத்தான் என்ன சமைப்பது என்ற திட்டம் மிகவும் தேவை. அந்தத் திட்டத்தைக் கடையிலிருந்து தொடங்காமல் வயலிலிருந்தும் வளவிலிருந்தும் தொடங்கினால் மிச்சம் பிடிக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

சாப்பாட்டு நெல்லையும் சேர்த்து விற்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான்.

மாசி, பங்குனியில் வன்னி முழுக்க ஒரே நேரத்தில் நெல் வெட்டப்படும். வெட்டும் மெசின் வயலை விட்டு ஏறுவதற்கு முன்னமே லொறி வந்து வரம்படியில் நிற்கும். ஈரநெல்லுக்கு வாங்குபவர் சொல்வதுதான் விலை. உரக்கடைக் கடன், வெட்டுக் கூலி, அடைவு வைத்த நகை என்று நெருக்கும்போது விற்காமல் இருக்க முடியாது என்பதும் விளங்குகிறது. ஆனால் வீட்டுக்குத் தேவையான நெல்லும் அதே லொறியில் ஏறிப் போய்விட்டால், ஆவணி, புரட்டாதியில் அதே ஊர் அரிசியைக் கடையில் கிலோக் கணக்கில் வாங்க வேண்டி வரும். தரகர், ஆலை, லொறி, மொத்தக்கடை, சில்லறைக்கடை எல்லாருக்கும் உரிய இலாபத்தை நெல் விளைவித்த குடும்பமே கட்டுகிறது. 2024 மார்கழியில் நாட்டரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, கிலோவுக்கு 230 ரூபா என்று அரசாங்கம் உச்ச விலை போட வேண்டியிருந்தது. அடுத்த காலபோகம் வெட்டுவதற்குச் சற்று முந்திய காலம் அது. விலை இறுகும் நேரமும் வீட்டில் காசு குறையும் நேரமும் ஒன்றாக வருவது இப்படித்தான்.

கணக்கு கடினமில்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் சோறு, புட்டு, இடியப்பம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி என்று வையுங்கள். மாதத்துக்கு 45 கிலோ, ஆறு மாதத்துக்கு 270 கிலோ. 100 கிலோ நெல் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி கிடைக்கும். ஆகவே ஆறு மாதச் சாப்பாட்டுக்கு 415 கிலோ நெல் போதும். விதைநெல்லை யாரும் லொறிக்காரருக்குக் காட்டுவதில்லை. சாப்பாட்டு நெல்லையும் அதே போல, விலை பேசுவதற்கு முன் எடுத்து வைத்துவிட வேண்டும். முழுவதையும் ஒதுக்க முடியாவிட்டால், அரிசி விலை ஏறும் கடைசி மூன்று மாதத்துக்காவது ஒதுக்குங்கள்.

ஒதுக்கிய நெல் பழுதாகாமல் இருப்பது காய்ச்சலில் தங்கியிருக்கிறது. ஈரப்பதம் 14 வீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். மானி இல்லாத வீட்டில் ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்க்கலாம். நசியாமல் ‘டக்’ என்று முறிந்தால் காய்ந்திருக்கிறது. மூடையை நிலத்தில் போடாமல், பலகைமேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். முழுவதையும் ஒரேயடியாகக் குற்றி அரிசியாக வைப்பது இன்னொரு பிழை. உமியோடு இருக்கும்வரை நெல் தாங்கும். தவிடு நீக்காத சிவப்பரிசியோ, தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சில கிழமைகளிலேயே காறல் மணம் வைக்கும், வண்டும் பிடிக்கும். மாதத்துக்கு ஒருமுறை அந்த மாதத் தேவைக்கு மட்டும் ஆலைக்குக் கொண்டு போங்கள். திரும்பும்போது குறுணலையும் தவிட்டையும் கேட்டு வாங்கி வாருங்கள். குறுணல் கஞ்சிக்கும் மாவுக்கும் உதவும். தவிடு கோழிக்குப் போய் முட்டையாகத் திரும்பி வரும்.

வயல் இல்லாத கூலிக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து அறுவடை நேரத்தில் தெரிந்த கமக்காரரிடம் நேரே நெல் வாங்கிக் காயவைத்துப் பங்கிட்டால், கடை அரிசியைவிட மலிவாகவே முடியும்.

வளவைப் பாராமல் பட்டியல் போடுவது

பூசணிக்காய் வேலியோரம் முற்றிக் கிடக்கும். நாங்கள் சந்தையில் கரட்டும் லீக்சும் போஞ்சியும் வாங்கிக்கொண்டு வருவோம். அவை மலைநாட்டிலிருந்து ஏ-9 வீதியால் லொறியில் வருபவை. வழிச்செலவும் வழியில் அழுகியதும் அந்த விலைக்குள் இருக்கும். பட்டியல் எழுதுவதற்கு முன் ஒருதடவை வளவைச் சுற்றி நடவுங்கள். முருங்கை, வாழைக்காய், பப்பாசிக்காய், மரவள்ளி, மழைக்குப் பிறகு தளிர்க்கும் முசுட்டை, பொன்னாங்காணி என்று எது கைக்கெட்டும் நிலையில் இருக்கிறதோ அதை முதலில் எழுதுங்கள். பிறகு அலுமாரியில் இருப்பது. கடையில் வாங்குவது அதற்குப் பிறகுதான்.

ஒரு பெரிய பூசணி ஒரு நேரக் கறிக்குக் கூட. அதனால் வெட்டவே தயங்குகிறார்கள், அல்லது வெட்டி மிச்சத்தை எறிகிறார்கள். பூசணியில் முதலில் பழுதாவது நடுவில் உள்ள சோத்தியும் விதையும்தான். வெட்டியவுடன் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சத் துண்டைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று நாள் நிற்கும். பாதியை அயல்வீட்டுக்குக் கொடுங்கள். அவர்கள் வெட்டும்போது உங்களுக்கும் பாதி வரும். விதையைக் கழுவிக் காயவைத்து வறுத்தால் பிள்ளைகள் கொறிப்பார்கள்.

மீனுக்கு நாள் குறிப்பது

புதன் மீன், சனி இறைச்சி என்று கட்டாயமாக எழுதி வைத்தால் அந்த நாளில் என்ன விலையானாலும் வாங்கத்தான் தோன்றும். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றில் முல்லைத்தீவுக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். வள்ளம் இறங்காத நாளில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வருபவரிடம் இருப்பது விலையேறிய பழைய மீன். ஆகவே ‘மீன்’ என்று எழுதும் இடத்தில் ‘கிடைத்தால் மீன், இல்லாவிட்டால் முட்டை அல்லது கடலைக்கறி’ என்று எழுதுங்கள். குளத்து ஜப்பான் மீனை (திலாப்பியா) குறைவாக நினைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. புளியும் மிளகும் கூட்டி வைத்தால் அதன் சேற்று மணம் தெரியாது. கடல் அமைதியான வெயில் காலத்தில் சூடையும் நெத்தலியும் மலிந்தால் வாங்கி உப்பிட்டுக் காயவையுங்கள். மாரிக்குக் கருவாடு ஆகும்.

செவ்வாய், வெள்ளி மரக்கறியும் கந்தசஷ்டி, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கால விரதங்களும் ஏற்கெனவே நாட்காட்டியில் இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே குறித்துக்கொண்டு பருப்பு, பயறு, கௌபியைச் சேர்த்து வாங்கினால் கடைசி நேர ஓட்டம் இருக்காது.

மத்தியானச் சாப்பாட்டை மட்டும் திட்டமிடுவது

திட்டம் போடும் வீடுகளிலும் சோறு கறி மட்டும்தான் கணக்கில் வரும். காலையில் அவசரத்துக்கு வாங்கும் பாண், நாலு மணித் தேத்தண்ணி, பால்மா, சீனி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து கேட்கும் பிஸ்கட் ஆகியவை எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், கறிச் செலவோடு போட்டி போடும் தொகை அங்கே நிற்கும். கோதுமையும் பால்மாவும் பெரும்பாலும் இறக்குமதி. டொலர் ஏறினால் அவை ஏறும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரே வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடம் அது.

அரிசிமாவை மாதத்துக்கு ஒருமுறை இடித்து வறுத்து அரித்து வைத்திருந்தால், பாணுக்கு ஓடும் காலைகள் பாதியாகக் குறையும். பின்னேரத்துக்கு அவித்த பயறு, கௌபி, மரவள்ளி, கச்சான் இருக்கின்றன. பயறையும் கௌபியையும் முதல்நாள் இரவே ஊறப்போட மறக்க வேண்டாம். ஊறாத பருப்பு வகை அடுப்பை அரைமணி நேரம் கூடுதலாகத் தின்னும், காஸுக்கும் காசுதான்.

கொப்பிக் கடன்

“அண்ணை, கொப்பியிலை எழுதுங்கோ” என்று சொல்லிச் சின்னப் பக்கற் மிளகாய்த்தூளும் கால் கிலோப் பருப்பும் வாங்குவது வன்னியில் வழமை. கடன் தரும் கடைக்காரர் பல வீடுகளின் அடுப்பை எரிய வைத்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். தவறு, விலையைக் கேளாமல் வாங்குவதுதான். வீட்டிலும் ஒரு கொப்பி வைத்து, வாங்கிய அன்றே பொருளையும் அளவையும் விலையையும் எழுதுங்கள். கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். சின்னப் பக்கற்றின் விலையை அதன் நிறையால் பிரித்து, கிலோவுக்கு என்ன வருகிறது என்று பாருங்கள்.

கறித்தூளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை வாங்கி வறுத்து ஆலையில் அரைக்க ஒரேயடியாகக் காசு வேண்டும்தான். அறுவடைக் காசில் முதல் ஒதுக்கீடு அதற்காக இருக்கட்டும், அல்லது இரண்டு வீடு சேர்ந்து அரையுங்கள். ஈரமில்லாத போத்தலில் மூன்று நாலு மாதத்துக்கு மணம் குறையாமல் இருக்கும்.

பிள்ளைகளின் கோப்பையில் மிச்சம் பிடிப்பது

காசு இறுகும்போது முதலில் நிறுத்தப்படுவது மீனும் முட்டையும் பருப்பும். சொதியும் சம்பலும் சோறுமாகக் கிழமை ஓடிவிடும். வயிறு நிறைந்தாலும் வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் அது போதாது. குறைக்க வேண்டுமானால் சீனியில், பிஸ்கட்டில், சோடாவில் குறையுங்கள். சோற்றோடு பருப்போ பயறோ சேரும்போது இரண்டின் புரதமும் ஒன்றையொன்று நிரப்பும். முருங்கை இலை வறைக்குத் தேசிக்காய் பிழிந்தால் அதில் உள்ள இரும்பு உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அதே இரும்பு குறைவாகத்தான் சேரும், ஒரு மணி நேரம் விட்டுக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் திரிபோஷாச் சத்துமாவை வீட்டில் எல்லாருக்கும் பங்கிட்டுவிடாமல், யாருக்காகத் தரப்பட்டதோ அவருக்கே கொடுங்கள்.

தேங்காய் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உடைத்ததில் கண் உள்ள பாதி கெதியாகப் பழுதாகும், அதை முதலில் துருவுங்கள். பால் விட்ட கறி வெக்கையில் இரவு வரை நிற்காது. இரவுக்குரிய பங்கைப் பால் விடாமல் எடுத்து வைத்துவிட்டு, தேவையான நேரம் பால் விடலாம். மிஞ்சிய சோற்றைத் திறந்து வைக்காமல் ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைத்தால், காலையில் வெங்காயமும் பச்சைமிளகாயும் தயிருமாகப் பழஞ்சோறு ஆகும்.

இந்த வருட நெல் ஏற்கெனவே போய்விட்ட வீடு, அரிசியைக் கிலோக் கணக்கில் வாங்குவதை நிறுத்துவதிலிருந்து தொடங்கலாம். அயல்வீட்டோடு சேர்ந்து ஆலையிலோ சங்கக்கடையிலோ ஒரு மூடை விலை கேட்டு, அதைச் சில்லறை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிஞ்சும் வித்தியாசத்தை ஒரு பேணியில் போட்டுவந்தால், அடுத்த போகம் வெட்டும்போது லொறிக்காரரிடம் அவசரப்படாமல் நாலு மூடையைப் பின்னுக்கு இழுத்து வைக்க அந்தக் காசு கைகொடுக்கும்.