பசி அடக்கும் ஊசி போடுபவர் தட்டில் முதலில் மீன்

சர்க்கரை நோய்க்கும் எடை குறைக்கவும் போடும் செமாகுளூட்டைடு, டிர்செபடைடு ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். அந்த நாலு வாய் மரச்சீனிக் கிழங்காக (மரவள்ளி) இருந்தால் புரதத்துக்கு இடமில்லை. எடையோடு தசையும் கரையும்.

எனவே சாளை மீனை (மத்தி) முதலில் தின்னுங்கள். சுத்தம் செய்த 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம். கிழங்கில் அதே எடைக்கு 1 கிராம்தான். மீன் முடிந்ததும் கீரையோ அவியலோ, கடைசியில் இரண்டு துண்டு கிழங்கு. மீன் தின்னத் தோன்றாத நாளில் 2 முட்டை, அல்லது ஒரு கிண்ணம் வேகவைத்த சிறுபயறு.

பொரித்த மீனும் தேங்காய் தாராளமாய் அரைத்த குழம்பும் குமட்டலைக் கூட்டும், குறிப்பாக டோஸ் ஏற்றிய வாரத்தில். தேங்காய் குறைத்து வைத்த புளிமுளம் (புளிப்பான மீன் குழம்பு) பரவாயில்லை, புளிப்பு நெஞ்சைக் கரிக்காவிட்டால். நம்மூர் ஆட்களிடம் தேங்காயைக் குறைக்கச் சொல்வது வம்புதான், பாதியாக்கினாலே போதும்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே கொஞ்சங்கொஞ்சமாக, நாளுக்கு 2 லிட்டர் வரை. குறைந்தால் மலச்சிக்கல். சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் தண்ணீர், புரத அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இன்சுலினும் போடுகிறவர் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை இறங்கிவிடும். முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.